ஊட்டி ஈரத்தில் நோட்டு கட்டுவது

சமவெளியில் வாங்கிய தடித்த நோட்டு ஒன்றை ஜனவரி மாதக் காலையில் ஊட்டியில் விரித்துப் பாருங்கள். நடுப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தியதும் முதுகில் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு நோட்டு இரண்டாகிவிடும். கடை நோட்டுகளில் பலவற்றைத் தைப்பதே இல்லை. தாள்களை அடுக்கி, முதுகைச் சீவி, சூடான பசை தடவி அட்டையைப் போர்த்திவிடுகிறார்கள். கோயம்புத்தூர் வெயிலில் அந்தப் பசை ரப்பர் மாதிரி வளையும். உறைபனி விழுந்த காலையில் கண்ணாடி மாதிரி உடையும். ஸ்டேப்ளர் பின் அடித்த நோட்டின் கதி வேறு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பின் துருப்பிடித்து, நடுத்தாளில் காவிக் கறை இறங்கி, பிறகு அந்தக் கறையைச் சுற்றியே தாள் கிழியும்.

ஆகவே மலையில் நோட்டு என்றால் தைத்த நோட்டுதான். தைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. படிக்கிற புத்தகத்தைக் கையில் பாதி விரித்துப் பிடித்துக்கொள்ளலாம். எழுதுகிற நோட்டு மேஜையில் மட்டமாகப் படுக்க வேண்டும், மணிக்கட்டின் பாரத்தைத் தாங்க வேண்டும், மையின் ஈரத்தைக் குடிக்க வேண்டும், இடையில் யாராவது ஒட்டிவைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் காய்ந்த பூவுக்கும் இடம் தர வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, தினம் காலையில் திறந்து மூடப்படுகிற நோட்டு. அதன் முதுகைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். ஒரு குறிஞ்சிக்குத் தொடங்கிய குறிப்பேடு அடுத்த குறிஞ்சிவரை பிரியாமல் இருந்தால் அதை நல்ல கட்டு என்று ஒப்புக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை அந்த அளவுக்கு உழைக்கக்கூடிய, ஏ5 அளவில் 160 பக்க நோட்டு ஒன்றைப் பற்றியது.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது

தாள் வாங்கும்போது எல்லோரும் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று கேட்கிறார்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது, பண்டல் மேலும் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஆனால் மலையில் கட்டும் நோட்டின் பாதித் தலைவிதி இதில்தான் இருக்கிறது.

மில்லில் செய்யும் தாளில், இயந்திரம் ஓடும் திசையிலேயே நார்கள் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் நார் பருக்கும், நீளாது. அதனால் பனிமூட்டத்தில் தாள் நாருக்குக் குறுக்கே அகலமாகிறது, நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. நோட்டில் நார் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடினால், தாள் பருக்கும் திசை வெளி ஓரத்தை நோக்கி இருக்கும். அங்கே தடுக்க ஒன்றுமில்லை, ஒரு இழை கூடுதலாக வெளியே வந்துவிட்டுப் போகும். நார் குறுக்கே ஓடினால் தாள் உயரவாக்கில் பருக்கப் பார்க்கும். முதுகில் தையல் பிடித்திருக்கிறது, விடாது. வெளி ஓரம் மட்டும் நீளும். ஜூலை மாதம் கூடலூர் பக்கம் வைத்த நோட்டுகள் அப்பளம் பொரித்தது போல அலையலையாக நிற்பது இதனால்தான். பக்கங்களும் விறைப்பாக இருக்கும், திறந்தால் படுக்காமல் எழுந்து நிற்கும்.

இப்போது சிக்கல். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது 297 மில்லிமீட்டர் பக்கத்தில் ஓடும். அதை இரண்டாக மடித்து ஏ5 ஆக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். வீட்டில் நோட்டு தைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தெரியாமலேயே செய்யும் தவறு இது. வழி சுலபம். ஏ3 தாள் வாங்குங்கள். அதில் நார் 420 பக்கத்தில் ஓடினால், நடுவில் வெட்டி இரண்டு ஏ4 ஆக்கும்போது நார் 210 பக்கத்துக்கு வந்துவிடும். அதை மடித்தால் மடிப்பும் நாரும் ஒரே திசை. ஏ3-லும் எல்லாப் பண்டலும் ஒரே மாதிரி இருப்பதில்லை, சோதிக்காமல் வெட்ட வேண்டாம்.

சோதனைக்கு, தாளின் மூலையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு சதுரம் வெட்டி, எந்தப் பக்கம் எது என்று பென்சிலில் குறித்து, ஒரு பக்கத்தை மட்டும் ஈரப்பஞ்சால் தடவுங்கள். சில நொடிகளில் சுருளும். பாய் சுருட்டினாற்போல் அது எந்த அச்சில் சுருள்கிறதோ, நார் அந்த அச்சுக்கு இணை. கிழித்துப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. நார்ப்பக்கம் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணும். ஆனால் 80 ஜிஎஸ்எம் தாளில் கைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் சோதனை பொய் சொல்லாது. அட்டை, மேல்துணி, நோட்டை அட்டையோடு இணைக்கும் ஒட்டுத்தாள் எல்லாவற்றுக்கும் இதே விதி: எல்லா நாரும் முதுகுக்கு இணை.

எந்த மில் தாள் என்பதில் பெரிய பிடிவாதம் தேவையில்லை. கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் டிஎன்பிஎல் தாள் எல்லா ஊரிலும் கிடைக்கும், பால்பாயிண்ட் பேனாவுக்கு 80 ஜிஎஸ்எம் போதும். மை பேனா என்றால் 100. வாங்குமுன் ஒரு தாளில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள் போட்டு, வெட்டும் இடத்தில் மை ரோமம் விடுகிறதா, பின்பக்கம் ஊறுகிறதா என்று பாருங்கள். சமவெளிக் கடையில் தேறிய தாள் மலையில் தேறாமல் போவதும் உண்டு. ஈரம் குடித்த தாளில் மை கூடுதலாகப் பரவும்.

கைத்தாள் வேறு ரகம். புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959 முதல் நடக்கிறது. பருத்திக் கழிவைக் கூழாக்கிச் சல்லடையில் அள்ளும் தாள் அது. சல்லடையில் நார் எல்லாத் திசையிலும் விழுவதால் ஓட்டம் என்று தனியாக எதுவும் இருக்காது, எப்படி மடித்தாலும் சரி. விலை கூடுதல். பென்சிலுக்கும் வாட்டர்கலருக்கும் அருமை. மை ஊறாமல் தடுக்கும் பசைச்சத்து சேர்க்காத கைத்தாளில் மட்டும் மை பேனாவை வைக்காதீர்கள், தாள் குடித்துவிடும். தேயிலைச் சாற்றில் நனைத்துப் 'பழைய காலத்துத் தாள்' என்று சுற்றுலாக் கடைகளில் தொங்கவிடுவார்கள். பார்க்க அழகு, ஆனால் நனைந்து காய்ந்த தாளில் பசைச்சத்தும் குறைந்து மட்டமும் போயிருக்கும். எழுத ஆகாது.

மேலே கொண்டுவந்ததும் வெட்டாதீர்கள்

நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர், கொடைக்கானலுக்கு மதுரை அல்லது திண்டுக்கல். தாளும் அட்டையும் அங்கிருந்துதான் ஏறி வருகின்றன. கீழே காய்ந்த காற்றில் கிடந்த பண்டல், மேலே வந்ததும் இரண்டு மூன்று நாள் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். வந்த அன்றே அட்டையை 216 மில்லிமீட்டருக்கு வெட்டினால் ஒரு வாரத்தில் அது வேறு அளவாகியிருக்கும், மட்டமும் போயிருக்கும். பண்டலைப் பிரித்து, தாள்களை விசிறி அடுக்கி, வேலை செய்யப்போகும் அறையிலேயே 3 நாளாவது வையுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம். மலைவீட்டுச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். தரையிலும் வேண்டாம்.

மடிப்பதற்கும் தைப்பதற்கும் எந்த மாதமும் ஆகும். ஒட்டுவதற்குத்தான் மாதம் பார்க்க வேண்டும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு. இரண்டுக்கும் தப்பிய ஜனவரிக் கடைசி முதல் மார்ச்வரைதான் ஒட்டு வேலைக்குப் பொற்காலம். மழையில் பாரங்களை, அதாவது மடித்த தாள்கட்டுகளை, தைத்து அடுக்கிவைத்து, வெயில் வந்ததும் மொத்தமாக அட்டை போடுவது புத்திசாலித்தனம்.

பாரமும் தையலும்

4 தாளை ஒன்றாக மடித்தால் ஒரு பாரம், 8 இலை, 16 பக்கம். 10 பாரத்துக்கு 40 தாள். 100 ஜிஎஸ்எம்முக்கும் 4 தாள் தாங்கும். 120-க்கு 3 போதும். தடித்த கைத்தாளுக்கு 2. இதற்கு மேல் திணித்தால் உள்தாள் வெளியே பிதுங்கும், மடிப்பில் கூன் விழும்.

தாள்களை ஒவ்வொன்றாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகுவது நல்லது. மடிப்பை நகத்தால் தேய்க்காதீர்கள், பளபளப்புக் கோடு விழும். வழவழவென்று தேய்த்த மூங்கில் சீவல் ஒன்று இருந்தால் போதும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். 10 பாரத்தையும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, அம்மிக்கல்லோ நியூஸ்பேப்பரில் சுற்றிய 4 செங்கலோ ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். அழுத்தாமல் தைத்தால் நோட்டு கடைசிவரை வாய் பிளந்தே இருக்கும்.

துளை போட ஒரு அட்டைப் பட்டியில் அளவு குறித்துக்கொள்ளுங்கள். 210 மில்லிமீட்டர் உயரத்தில், தலையிலிருந்து 12, 55, 68, 142, 155, 198. முதலும் கடைசியும் முடிச்சுத் துளைகள். நடுவில் உள்ள இரண்டு ஜோடிகளும் 12 மில்லிமீட்டர் அகல நாடாவுக்கு. ஒரு மில்லிமீட்டர் தளர்வாக விட்டிருப்பது நாடா சுருங்காமல் படுக்க. பட்டியின் தலைப்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். இந்த அளவு இரண்டு பக்கமும் சமம் என்றாலும் கையால் குறித்த பட்டி சமமாக இருக்காது, ஒரு பாரத்தைத் தலைகீழாகக் குத்தினால் முதுகில் படிக்கட்டு தெரியும். பாரத்தை நடுவில் திறந்து, கெட்டி அட்டையை மடித்துச் செய்த பள்ளத்தில் வைத்து, உள்ளிருந்து வெளியே, சரியாக மடிப்புக்கோட்டிலேயே குத்தூசியை இறக்குங்கள். துளை ஊசியின் பருமனைத் தாண்டக் கூடாது.

நாடாவுக்குப் பாவாடை நாடாவே போதும், பருத்தியாக இருக்க வேண்டும். ஒருமுறை துவைத்து இஸ்திரி போட்ட பிறகு பயன்படுத்துங்கள். நூல் லினன் என்றால் உத்தமம். கிடைக்காவிட்டால் நன்றாக முறுக்கிய பருத்திக் குரோஷா நூல். செருப்புத் தைக்கும் நைலான் நூலை மட்டும் தொடாதீர்கள். அது அறாது, தாளை அறுக்கும். நூல் பருமனில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பாரத்துக்குள்ளும் ஒரு இழை படுத்திருப்பதால் முதுகு பக்கம் தடிமன் ஏறும். அரை மில்லிமீட்டர் நூல் என்றால் 10 பாரத்துக்கு 5 மில்லிமீட்டர், தாளுக்குள் அமுங்கியது போக 2, 3 மில்லிமீட்டர் மிஞ்சும். இந்த நோட்டுக்கு அது சரி. படம், இலை எல்லாம் ஒட்டப்போகும் நோட்டுக்கு இன்னும் கொஞ்சம் தடித்த நூல் நல்லது, ஒட்டுபவற்றுக்கு முன்கூட்டியே இடம் விட்டதாக ஆகும். சும்மா எழுதும் நோட்டில் அதே நூலைப் போட்டால் மூடிய நோட்டு ஆப்பு மாதிரி சரிந்து நிற்கும்.

நூலுக்கு மெழுகு பூச வேண்டும். இந்த விஷயத்தில் மலைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நீலகிரியில் குறும்பரும் காட்டுநாயக்கரும், பழனி மலையில் பளியரும் பாறையில் இறங்கி எடுக்கும் தேனோடு மெழுகும் வருகிறது. கோத்தகிரிக் கடைகளில் கட்டியாகவே வாங்கலாம். நல்ல தேன்மெழுகு உள்ளங்கைச் சூட்டில் பிசைந்தால் இளகும், தேன் மணக்கும். மெழுகுவத்தி மெழுகு கலந்தது வழுக்கும், உதிரும். ஊட்டிக் குளிரில் அசல் மெழுகும் கல்லாகி நூலில் பொடியாகத்தான் ஒட்டும். 10 நிமிடம் சட்டைப்பையில் வைத்திருந்து பிறகு பூசுங்கள். நூலைக் கட்டியின் மேல் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு தரம் இழுத்தால் போதும்.

தையலை வெளியே தொடங்குங்கள். மேஜை ஓரத்தில் நாடா இரண்டையும் டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டு, முதல் பாரத்தை முதுகு நாடாவைத் தொடுமாறு வையுங்கள். 12-ஆம் துளையில் ஊசி உள்ளே போகிறது, வால் ஒரு சாண் வெளியே நிற்கட்டும். 55-இல் வெளியே வந்து, நாடாவின் மேலேறி, 68-இல் உள்ளே. 142-இல் வெளியே, நாடா தாண்டி 155-இல் உள்ளே, 198-இல் வெளியே. இரண்டாவது பாரத்தை மேலே வைத்து அதே வழியில் திரும்பி வந்து, தொங்கும் வாலோடு இரட்டை முடிச்சு. மூன்றாவது பாரத்திலிருந்துதான் உண்மையான முடிச்சுத் தையல் தொடங்குகிறது. கடைசித் துளையில் வெளியே வந்த ஊசியை, கீழே இருக்கும் இரண்டு பாரங்களை இணைக்கும் நூலுக்குப் பின்னால் நுழைத்து, வெளியே இழுக்கும்போது உண்டாகும் வளையத்துக்குள் விட்டு, மேல்நோக்கி இறுக்க வேண்டும். பிறகு அடுத்த பாரம்.

நூலை இழுப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். மடிப்புக்கோட்டுக்கு இணையாக, தையல் போகிற திசையிலேயே இழுக்க வேண்டும். உங்களை நோக்கிச் செங்குத்தாக இழுத்தால் துளையிலிருந்து தாள் கிழிந்துகொண்டு வரும். பின்னோக்கி இழுத்தாலும் அப்படியே. இறுக்கம் எவ்வளவு? பாரத்தின் நடுவில் நூலை நகத்தால் நிமிண்டினால் அது தாளைவிட்டு எழும்பக் கூடாது, அதே நேரம் மடிப்பில் வெட்டுத்தழும்பும் விழக் கூடாது. முடிச்சுத் துளைகளை மட்டும் அதிகமாக இறுக்கினால் முதுகின் இரண்டு முனையும் ஒடுங்கி நடு உப்பும். இந்தத் தப்பைப் பின்னால் பசையால் சரிசெய்யவே முடியாது. மொத்தம் இரண்டரை மீட்டர் நூல் ஆகும். ஒரே இழையாக எடுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒன்றேகால் மீட்டர் எடுத்து, தீர்ந்ததும் பாரத்துக்குள்ளேயே அடுத்ததை முடிந்துகொள்ளலாம்.

பசை

பழைய பைண்டர்களின் பசை மைதா. 50 கிராம் மைதாவை 100 மில்லி பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். 200 மில்லி கொதிநீரை ஊற்றிக் கிளறிக்கொண்டே சிறுதீயில் ஐந்தாறு நிமிடம். வெள்ளை நிறம் போய் கூழ் கண்ணாடித்தன்மைக்கு வரும்போது இறக்கலாம். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ஊட்டியில் பருப்பு வேகத் தாமதமாகும். பசைக்கு அந்தக் கவலை இல்லை, கோதுமை மாச்சத்து 60, 65 டிகிரியிலேயே கூழாகிவிடும். ஆறும்வரை கிளறுங்கள், இல்லாவிட்டால் ஆடை கட்டும். துணியில் ஒருமுறை வடிகட்டினால் தூரிகையில் கட்டி வராது. தண்ணீர் பிரிந்து புளிப்பு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

இதில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், போடுவது பைண்டிங் கடை வழக்கம். பூச்சி அண்டாது, பூசணம் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அது விஷம், கையில் படுவது. அதோடு செம்பு காலப்போக்கில் தாளை மக்கச் செய்யும். பன்னிரண்டு வருஷம் நிற்க வேண்டிய நோட்டில் அதைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சி, மெல்லிசாகத் தடவி, சீக்கிரம் காயவைத்தால் மயில்துத்தத்தின் வேலையே இல்லை. பூசணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து வைப்பது தடித்துப் பூசிய, காயாத மைதாதான். புளியங்கொட்டைப் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பழுப்பு நிறம் வெள்ளை ஒட்டுத்தாளில் தெரிந்துவிடும்.

வெள்ளைப் பசை, அதாவது பெவிகால் ரகம், முதுகுக்கு வேண்டும். மைதா காய்ந்தால் விறைக்கும், முதுகு வளைய வேண்டிய இடம். ஆனால் இந்தப் பசைக்குக் குளிர் ஆகாது. அறை 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது காய்ந்து ஜவ்வாகாமல் சுண்ணாம்புப்பொடி மாதிரி வெளுத்து உதிரும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் முதுகு ஒட்டிவிட்டுத் தூங்கப்போனால் காலையில் இதைப் பார்க்கலாம். காலை 10 மணிக்கு மேல் ஒட்டி, வெயில் இறங்குமுன் முடித்துவிடுங்கள். துணியை அட்டையில் ஒட்ட இரண்டு பங்கு மைதாவும் ஒரு பங்கு வெள்ளைப் பசையும் கலந்தால் நகர்த்திச் சரிசெய்ய நேரமும் கிடைக்கும், பிடிப்பும் இருக்கும்.

முதுகுக்கு முன் ஒட்டுத்தாள். 120 ஜிஎஸ்எம் தாளை மடித்து, மடிப்போரத்தில் 3 மில்லிமீட்டர் மட்டும் பசை தடவி முதல் பாரத்தோடும் கடைசிப் பாரத்தோடும் ஒட்டுங்கள். பிறகு பாரங்களைத் தட்டி நேராக்கி, கல்லுக்கடியில் வைத்து, முதுகில் வெள்ளைப் பசையை விரலால் பாரங்களுக்கு நடுவே தேய்த்துவிட்டு, கஞ்சி போட்ட வலைத்துணி ஒன்றை இரண்டு பக்கமும் 25 மில்லிமீட்டர் நீட்டி ஒட்ட வேண்டும். அதன்மேல் முதுகு அகலத்துக்கு மட்டும் ஒரு பழுப்புத்தாள். நாடா முனைகளையும் 25 மில்லிமீட்டருக்கு நறுக்கிவிடலாம்.

அட்டை ஏன் வளைகிறது

2 மில்லிமீட்டர் கிரே போர்டு, அதாவது கெட்டியான சாம்பல் நிற அட்டை. உயரம் 216, அகலம் 146, இரண்டு துண்டு. முதுகின் தடிமன் 10 வந்தால், இரண்டு அட்டையின் தடிமனையும் சேர்த்து 14 அகலத்தில் ஒரு மெல்லிய அட்டைப் பட்டி. பட்டிக்கும் அட்டைக்கும் நடுவே இரண்டு பக்கமும் 7 மில்லிமீட்டர் இடைவெளி. ஓரத்தில் மடக்க 15. ஆக காலிகோத் துணி 350-க்கு 246. முதுகை அளந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், தையலுக்கு முன்பே அட்டை வெட்டி வைப்பது வீண். மூலையில் துணியைச் சாய்வாக நறுக்கும்போது அட்டை முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒட்டி நறுக்கினால் மூலையில் அட்டை எட்டிப்பார்க்கும். அதிகம் விட்டால் மொக்கையாகத் துருத்தும்.

அட்டை வளைவதற்கு எல்லோரும் அட்டையையே திட்டுகிறார்கள். வளைப்பது மேலே ஒட்டிய துணி. பசை பட்டதும் துணி நீள்கிறது, அந்த நீட்சியிலேயே அட்டையில் ஒட்டிக்கொள்கிறது, காயும்போது சுருங்கி அட்டையை வெளிப்பக்கம் இழுக்கிறது. உள்ளே ஒட்டும் ஒட்டுத்தாள் அதே மாதிரி சுருங்கி எதிர்ப்பக்கம் இழுத்தால் சமன். அட்டை வெளிப்பக்கம் வளைந்தால் உள்தாளின் இழுவை போதவில்லை என்று அர்த்தம், ஒட்டுத்தாளுக்கு அடியில் இன்னொரு தாளை மைதாவால் ஒட்டிச் சரிசெய்யலாம். லேசாக உள்ளே வளைந்து பக்கங்களைக் கவ்வி நிற்பது குறையே அல்ல. குறுக்கு மறுக்காக, மூலைக்கு மூலை முறுக்கிக்கொண்டால் நார் திசை எங்கோ மாறிவிட்டது. அதற்கு மருந்தில்லை.

மேல்துணியாக நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூவேலை போடக் கேட்பவர்கள் அதிகம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. வரைபடம் ஏதும் இல்லாமல் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது. அந்தத் துணியை அட்டை அளவுக்கு வெட்டினால் இரண்டு தொல்லை. இழை பிரியும், நெசவு தளர்வு என்பதால் பசை ஊறி முன்பக்கம் கறையாக வந்து நிற்கும். துணியின் பின்புறம் மெல்லிய தாளை மைதாவால் ஒட்டிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். சிவப்பு நூலை ஈரப்பஞ்சால் தொட்டுப் பாருங்கள், சாயம் வந்தால் அந்தத் துணி வேண்டாம். என்னைக் கேட்டால், முழு அட்டைக்கும் போடுவதைவிட, முன் அட்டையில் தாளடுக்கி ஒரு பள்ளம் விட்டு, ஓரம் முடிந்த சிறு துண்டு ஒன்றை அதில் பதிப்பது நல்லது. கை படும் ஓரங்களில் பூவேலை தேயாது, எண்ணித் தைத்தவரின் வேலை நறுக்கப்படவும் செய்யாது.

அட்டைக்குள் நோட்டைப் பொருத்துவது ஒரு நிமிட வேலை. வலைத்துணிக்கு அடியிலும் மேலும் பசை, ஒட்டுத்தாள் முழுவதும் பசை, நடுவிலிருந்து ஓரத்துக்கு. அட்டையை மூடி அழுத்துங்கள். ஆசைப்பட்டு உடனே திறந்து பார்க்கக் கூடாது, ஈரத்தாள் சுருங்கி நிரந்தரக் கோடு விழும். முதுகோரப் பள்ளத்தில் வைத்து அழுத்தக் கடைகளில் பித்தளை விளிம்புப் பலகை வைத்திருப்பார்கள். மலைவீடுகளில் ஸ்வெட்டர் ஊசிக்குப் பஞ்சமில்லை. 4 மில்லிமீட்டர் இரும்பு ஊசி இரண்டை ஆளுக்கொரு பள்ளத்தில் படுக்கவைத்து, மேலே பலகை, அதன்மேல் கல். கனகச்சிதமாகப் பள்ளம் விழும்.

ஒட்டுத்தாளின் ஈரம் உள்பக்கங்களுக்கு ஏறாமல் இருக்க, அட்டைக்கும் நோட்டுக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே ஷீட்டை வெட்டிச் செருகுங்கள். அதன்மேல் அட்டைப் பக்கமாக ஒரு உறிஞ்சும் தாள். அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் நல்லது, அச்சடித்தது கறுப்பு மையை ஒட்டுத்தாளில் இறக்கிவிடும். வெயில் மாதத்தில் ஒரு ராத்திரி போதும். மழைக்காலத்தில் முதல் நாள் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை உறிஞ்சும் தாளை மாற்றி, 3 நாளாவது கல்லுக்கடியில் வையுங்கள். கணப்புக்கு முன்னால் வைத்து அவசரப்படுத்தினால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். முன்பெல்லாம் பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதன் மேல்தட்டில் வைத்துவிடலாம். எல்இடி பல்பு வந்ததும் அந்த உபாயம் போயிற்று, அது வெளிச்சம்தான் தரும், அவ்வளவு சூடு தராது.

மழைக்காலத்தில் கட்டிய நோட்டு மலையிறங்கும்போது இன்னொரு சோதனை காத்திருக்கிறது. பனியில் ஊறி மட்டமாக நிற்கும் அட்டை, ஏசி அறையில் ஒரு வாரம் இருந்தால் தண்ணீரைக் கக்கிவிட்டு வளையும். துணி, அட்டை, தாள் மூன்றும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. விற்பதற்கோ பரிசாகத் தருவதற்கோ என்றால், கல்லிலிருந்து எடுத்த பிறகும் 10 நாள் உலர்ந்த அலமாரியில் மேலே கனம் ஏற்றியபடி கிடக்கட்டும். பொட்டலம் பழுப்புத்தாளில். பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வருபவர்களைச் சோதனைச்சாவடியில் பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஈரத்தை உள்ளே அடைத்துப் பூசணம் வளர்க்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

புது நோட்டை முதன்முதலில் நடுவில் பிளக்காதீர்கள். மேஜையில் முதுகைப் படியவைத்து, இரண்டு அட்டைகளையும் சாய்த்துவிட்டு, முன்னால் நாலைந்து பக்கம், பின்னால் நாலைந்து பக்கம் என்று மாறி மாறி விரலால் நீவி நடுவுக்கு வர வேண்டும். முதுகு எல்லா இடத்திலும் சமமாக இளகும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்பவர்கள், மஞ்சளைத் தண்ணீர் குறைத்துக் குழைத்து, விரல்நுனியால் ஒற்றி வைக்கவும். தடவினால் மூலை நெளியும். அது காய்கிறவரை நோட்டை மூட வேண்டாம்; ஊட்டி மழையில் என்றால் அரைமணி நேரமாவது ஆகும்.